அத்தையை வரைவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள்

கடலூர் முதுநகர் வீட்டுத் திண்ணையில் அத்தையை உட்கார வைத்து மூன்று நாள் வரைந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது உன் வாய்டி" என்றார். உண்மைதான். கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடிப்பது என் பழக்கம், அத்தையுடையது இல்லை. ஓவியர் தன் சாயலைத் தானறியாமல் பிறர் முகத்தில் ஏற்றிவிடுவார், எச்சரிக்கையாக இருங்கள் என்று லியோனார்டோ டா வின்சி 500 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

அதனால் முதலில் உங்கள் முகத்தை வரையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரே ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காருங்கள். கரித்துண்டு போதும். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண் வரும். புதிதாக வரைகிறவர்கள் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறோம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். அதை முதலில் போடுங்கள். இமைமுடியெல்லாம் கடைசியில். நாலைந்து படம் சேர்ந்ததும் சுவரோரம் வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் திரும்ப வருவது எது என்று தேடுங்கள்.

அப்புறம் எதிரே ஒருவரை உட்கார வையுங்கள். போட்டோ வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும். நாற்காலிக் கால் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு 'ஸ்கின் கலர்' டியூப் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் வெளிறிய இளஞ்சிவப்பு. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), நிழலுக்குக் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம். வெறும் கறுப்பைக் கலந்தால் தோல் செத்துப்போகும். கறுத்த தோல் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் வலை சரிபார்க்கிறவர்களின் தோளைப் பாருங்கள், தெரியும்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசினால் பேசவிடுங்கள். வாய் அசையும் நேரத்தில் கையை வரையலாம். அத்தையின் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். எத்தனையோ வருடம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன், வரையும்போதுதான் கண்ணில் பட்டது. என்னவென்று கேட்டேன். மீன் அரியும்போது அரிவாள்மனை பட்டதாம், 12 வயதில்.

நாம் அவரைப் பார்க்கும் நேரமெல்லாம் அவரும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை வரைந்தபோது அத்தை திடீரென்று சொன்னார்: "உங்க அப்பனும் இப்படித்தான்டி உதட்டைக் கடிச்சுக்குவான்."

அப்பா போய் நாலு வருடம். அவரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. விளக்கு வைக்கும்வரை பேசினோம். அத்தையின் வாயை அன்றைக்கு வரையவில்லை.