தூக்கம் வராதவர்கள் இதயத்தைக் காத்துக்கொள்ளும் வழி

நள்ளிரவிலும் மாட்டுத்தாவணியில் பேருந்துகள் வந்து போய்க்கொண்டிருக்கும் மதுரையில், தூக்கம் கெடுவதை ஒரு நோயாகப் பலர் எண்ணுவதில்லை. இரத்த அழுத்த மாத்திரை வாங்க மருத்துவமனைக்கு வருபவர் தலைசுற்றலைச் சொல்வார், கால்வீக்கத்தைச் சொல்வார். மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமலே எழுந்துவிடுவார். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

நலமான உடலில், உறங்கும்போது இரத்த அழுத்தம் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குகிறது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் அந்த ஓய்வு, புரண்டு புரண்டு படுத்தே விடியும் இரவுகளில் முழுமையாகக் கிடைப்பதில்லை. தூக்கமின்மை ஒன்றே மாரடைப்பைக் கொண்டுவரும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் நெடுநாள் தூக்கமின்மை உள்ளவர்களிடையே உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்க இதயச் சங்கமும் 2022இல் இதய நலத்தின் எட்டு அடிப்படைகளுள் ஒன்றாகத் தூக்கத்தைச் சேர்த்து, பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் தேவை என்றது.

உங்கள் குறை எது என்பதை முதலில் பிரித்தறியுங்கள். படுக்க நேரமிருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமலோ இடையில் கலைந்தோ மூன்று மாதங்கள் கடந்துவிட்டால், அது நாட்பட்ட தூக்கமின்மை. விடியுமுன்பே பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும் வியாபாரியின் நிலை வேறு; அவருக்குத் தூக்கம் வரும், தூங்கத்தான் நேரமில்லை. அவர் இருட்டாக்கிய அறையில், நாள்தோறும் ஒரே வேளையில் பகலுறக்கத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டுமே தவிர, கீழே வரும் பயிற்சியைச் செய்யக் கூடாது.

பயிற்சியைத் தொடங்குமுன் வேறு இரண்டு நோய்கள் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திணறுவதும், பகலில் அடக்க முடியாத தூக்கமும் இருந்தால் அது உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் தணிகிறது என்றால், அது இதயம் பலவீனமடைவதன் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

இனி பயிற்சி. இரண்டு வாரங்களுக்கு, படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து சராசரியாக எத்தனை மணி நேரம் உண்மையில் தூங்குகிறீர்கள் என்று கணக்கிட்டு, எழும் நேரத்தை மாற்றாமல், படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். சராசரி ஆறு மணி நேரம், எழுவது காலை ஐந்தரை என்றால், இரவு பதினொன்றரைக்குத்தான் படுக்க வேண்டும். படுக்கையில் செலவிடும் நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே குறைக்கவே கூடாது. தூக்கம் இடைவிடாமல் வரத் தொடங்கியதும் வாரந்தோறும் பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே வரலாம். முதல் இரண்டு வாரங்கள் உண்மையிலேயே கடினமானவை. பகலில் அசதி மிகும் என்பதால், வண்டி ஓட்டுபவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இதனுடன் சேர்ந்தது இன்னொரு விதி: ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லையெனில் எழுந்துவிட வேண்டும். தனிப் படுக்கையறை இல்லாத வீடுகளில் இது எப்படி இயலும் என்று கேட்பவர்கள் உண்டு. பாய் விரித்த இடமே படுக்கை. அதைவிட்டு எழுந்து திண்ணையிலோ மொட்டை மாடியிலோ சற்று உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பினால் போதும். பகலில் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள்; அதில் சாய்ந்து டிவி பார்ப்பதும் செல்போன் பார்ப்பதும் வேண்டாம்.

பிற்பகலுக்குப் பின் காபி, டீயைத் தவிர்த்து, இரவு பரோட்டாவையும் சால்னாவையும் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மது விரைவில் உறங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும்.

தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்; அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது மாத்திரையை அன்று, மேற்சொன்ன பயிற்சியை உள்ளடக்கிய நடத்தைச் சிகிச்சையைத்தான். சிறுநீரைக் கூட்டும் இரத்த அழுத்த மாத்திரையை இரவில் போடுவதாலும் தூக்கம் கலையலாம். நீங்களாக நிறுத்தாமல், காலையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும் அந்த நோட்டைக் காட்டலாம். ஆறு முதல் எட்டு வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நோட்டுடன் செல்லுங்கள். கவலையே தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.