படிவம் சி தாக்கல்: நான் சறுக்கிய இடமும் செய்ய வேண்டிய வரிசையும்

அமெரிக்காவில் சிறு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கான பதிவு இது. சாதாரண மக்களுக்கும் இணையம் வழியே பங்கு விற்கலாம் என்று வழி திறந்தது, 2012 ஏப்ரலில் ஒபாமா கையெழுத்திட்ட ஜாப்ஸ் சட்டம். அப்படி விற்க பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்தான் படிவம் சி. விதிகள் நடைமுறைக்கு வர 2016 மே ஆகிவிட்டது. தொடக்கத்தில் 12 மாதங்களுக்கு 10 லட்சம் டாலராக இருந்த உச்சவரம்பு 2021 மார்ச்சிலிருந்து 50 லட்சம். நிறுவனத்தை முறையாகப் பதிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எட்கர் கணக்கு, அதாவது ஆணையத்தின் இணையவழித் தாக்கல் அமைப்பில் ஒரு கணக்கு. விண்ணப்பத்துக்கு நோட்டரி சான்று வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்து தளம், அதாவது பங்கு விற்பனையை நடத்தித் தரும் இணையதளம். நீங்களே நேரடியாக விற்க முடியாது. பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தில் பதிவு பெற்று, ஃபின்ராவில் (பங்குத் தரகர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு) உறுப்பினராகவும் உள்ள ஒரே ஒரு தளத்தின் வழியாகத்தான் விற்க வேண்டும். தளத்தின் புகழைவிட, உங்கள் வரைவை ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பாரா என்று பாருங்கள்.

மூன்றாவது கணக்கறிக்கை. திரட்டும் தொகை 1,24,000 டாலர் வரை என்றால் நிறுவனத் தலைவரே சான்றளிக்கலாம். அதற்கு மேல் 6,18,000 வரை வெளிக் கணக்காயரின் மீளாய்வு (தணிக்கையைவிட எளிய சரிபார்ப்பு). அதையும் தாண்டினால் முழுத் தணிக்கை. முதல்முறை திரட்டுபவருக்கு மட்டும் 12,35,000 வரை மீளாய்வே போதும். விரிதாளை நம்பி இதில் இறங்காதீர்கள், கணக்கு மென்பொருள்தான் சரி.

இனி நான் சறுக்கிய இடம்: விளம்பரம். படிவத்தைத் தாக்கல் செய்த மகிழ்ச்சியில் ஓர் அறிவிப்பு போட்டேன். பங்கு 2 டாலர், முடியும் தேதி, கீழே ஒரு வாடிக்கையாளரின் பாராட்டு. மறுநாளே தளத்திலிருந்து அழைப்பு: "உடனே நீக்குங்கள்." விலை, தேதி, தொகை போன்ற விற்பனை நிபந்தனைகளில் ஒன்றைச் சொன்னாலும் போதும், அந்த அறிவிப்பில் வேறெதுவும் இருக்கக் கூடாது, நிறுவனத்தின் பெயர், முகவரி, தொழிலைப் பற்றிய சிறு குறிப்பு, தளத்தின் இணைப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிபந்தனைகளைத் தொடாமல் தொழிலைப் பற்றி மட்டும் பேசினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. கெடுத்தது பாராட்டு அல்ல, அதன் தலைமேல் இருந்த அந்த "2 டாலர்". இப்போது கணினியில் இரண்டு கோப்புறைகள்: 'விலை உண்டு', 'விலை இல்லை'. யாராவது பின்னூட்டத்தில் விலை கேட்டால், தளத்தின் கேள்விப் பகுதிக்கு வரச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு, படிவம் தளத்தில் வெளியானதிலிருந்து விற்பனையை முடிக்கக் குறைந்தது 21 நாள் காத்திருப்பு. இலக்குத் தொகை வராவிட்டால் பணம் முழுவதும் முதலீட்டாளர்களுக்கே திரும்பிவிடும்.

பிற்சேர்க்கை: நடுவில் விலையை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மாற்றலாம். ஆனால் திருத்தப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஏற்கெனவே பணம் போட்டவர்கள் 5 வேலை நாட்களுக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் அவர்களின் முதலீடு ரத்தாகிவிடும். நானாக இருந்தால் தொடமாட்டேன்.

இன்னொருவர் ஆண்டறிக்கையை மறந்தே போயிருந்தார். நிதியாண்டு முடிந்து 120 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். டிசம்பரில் கணக்கு முடிப்பவர்களுக்கு அது ஏப்ரல் 30, லீப் ஆண்டென்றால் 29.