காட்டில் ஆய்வு, தெருவில் கேமரா: எங்கே தவறுகிறோம்?

வாரநாளில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் கள ஆய்வு, ஞாயிறு மாலையில் கேமராவோடு லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம். சிங்கப்பூரில் சூழலியல் படித்த நம் பிள்ளைகள் சிலர் இப்படித்தான் இருக்கிறார்கள். நல்ல சேர்க்கைதான். காத்திருக்கத் தெரிந்தவருக்கு இரண்டு வேலையும் வரும். ஆனால் ஓர் இடத்தில் நல்ல பழக்கமாக இருப்பது இன்னோர் இடத்தில் கெட்ட பழக்கமாகிவிடுகிறது, அங்கேதான் வம்பு.

முதலில் மறைந்திருந்து எடுப்பது. காட்டில் விலங்கு நம்மைக் கவனிக்காமல் இருந்தால் அது நம் கெட்டிக்காரத்தனம். அதே பழக்கத்தில், ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்தரையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு ஊழியரை எதிர்ச்சாரியில் நின்று நீள லென்ஸில் எடுக்கிறார்கள். பொது இடத்தில் படம் எடுப்பது பொதுவாகக் குற்றமில்லை என்பது சரி. ஆனால் தன் முகம் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாதே. பக்கத்தில் போய், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க நமக்குத் தமிழ் இருக்கிறது. கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக இருப்பார். பேச்சு ஊரைத் தொட்டதும் தானாகத் தளர்ந்துவிடுவார். "வாட்ஸ்அப்ல அனுப்பி விடுங்க தம்பி" என்று அவர் சொன்னால் அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது படக்குறிப்பு. பறவை என்றால் இனம், வயது, ஆணா பெண்ணா, அலையேற்றமா வற்றமா என்று அத்தனையும் எழுதுவார்கள். மனிதர் படத்துக்கு மட்டும் 'வெளிநாட்டு ஊழியர், லிட்டில் இந்தியா' என்று முடித்துவிடுவார்கள். அவர் பெயர் என்ன, வெல்டரா கம்பி கட்டுகிறவரா, எந்த ஊர், பெயரைப் போடலாமா கூடாதா? ஆய்வு நோட்டில் ஒரு தவளைக்குத் தரும் இடத்தையாவது அவருக்குத் தர வேண்டாமா?

தெருப் பழக்கம் காட்டுக்குள் போனால் சேதம் வேறு மாதிரி. கிட்டே போ, சட்டென்று எடு, உடனே பதிவிடு என்பது அங்கே செல்லாது. கோணம் கிடைக்கவில்லை என்று நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. தேசியப் பூங்காக் கழகத்திடம் வாங்கிய ஆய்வு அனுமதி அதில் எழுதியிருக்கும் வேலைக்குத்தான். சொந்தப் படத்துக்கு அதைக் காட்டிக்கொண்டு உள்ளே போவது தப்பு. குரங்குக்கு ஒரு துண்டு பழம் நீட்டி முகத்தைத் திருப்ப வைப்பதும் வேண்டாம். 2020இல் கடுமையாக்கப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் வரலாம்.

உடனே பதிவிடுவதில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. வைக்கோல் நிறத் தலையுள்ள புல்புல் பறவை, பாட்டுக்காகப் பிடிக்கப்பட்டே பல நாடுகளில் அழிந்துகொண்டிருக்கிறது. அதற்கு மிஞ்சியிருக்கும் நல்ல புகலிடங்களில் நம் புலாவ் உபின் தீவு ஒன்று. கைப்பேசிப் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும், எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரம், வலை வைத்திருப்பவனுக்கு வழி காட்டிவிடும். அதை நீக்கினால் மட்டும் போதாது. பின்னணியில் பாதை எண் பலகையோ தெரிந்த பாலமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடு கட்டும் காலம் முடிந்த பிறகு பதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

உரிமை விஷயத்தையும் வேலையில் சேரும் முன்பே பேசிவிடுங்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, எடுத்தவரே முதல் உரிமையாளர். சம்பள வேலையின் பகுதியாக எடுத்தது அப்படியில்லை, அது முதலாளிக்குப் போகும். ஆய்வுக்குப் போன இடத்தில் எடுத்த நீர்நாய்ப் படத்தைக் கண்காட்சியில் வைக்க ஆசை இருந்தால், அதற்கான அனுமதியை முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவிக்கு நம் ஊர்ப் புழுக்கம்தான் எதிரி. குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே வெளியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். வீட்டில் 40-50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் உலர்பெட்டி இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. காட்டு ஆய்விலிருந்து தெருவுக்குக் கொண்டுவர வேண்டிய பழக்கத்தை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள். புக்கிட் தீமா காட்டில் 1993இல் 2 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, 1 செ.மீ. தடிமன் உள்ள மரக்கன்று வரை எண்ணிட்டு அளந்தார்கள். பிறகு அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். தெருவில் மட்டும் வாரம் ஒரு பேட்டை என்று ஓடுகிறோம். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மரபுடைமை நிலையத்துக்கு எதிரே ஒரு மூலையில், அதே கிழமை, அதே நேரம், அதே லென்ஸ். தீபாவளிச் சந்தை போடும்போதும் போங்கள், கூடாரத்தைப் பிரித்த மறுவாரமும் போங்கள். தேதி, மழையா வெயிலா, எந்தக் கடை மூடியிருந்தது, பூக்கடையில் அன்று யார் உட்கார்ந்திருந்தார் என்பதையெல்லாம் அதே கள நோட்டில் எழுதிவையுங்கள்.