டிவியில் ஓயாத இரைச்சலா? கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

ஹோம் தியேட்டர் இணைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டு டிவியில் வண்டு ரீங்காரம் போல ஓர் இரைச்சல். வசனம் நின்று அமைதியாகும் இடத்தில்தான் அது இன்னும் எரிச்சலூட்டும். ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று நினைத்தேன். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் ஒயரைக் கழற்றியதும் சட்டென்று நின்றுவிட்டது.

காரணம் இதுதான்: தெருவிலிருந்து வரும் கேபிளின் உறைக்கம்பி (நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும், நம் வீட்டு பிளக்கின் எர்த் வேறு. இரண்டுக்கும் இடையே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த உறை வழியே ஓடி ஸ்பீக்கரில் உறுமும்.

டிவி, பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள். அப்படியும் போகாவிட்டால், ஸ்பீக்கருக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெளிச்சம் மட்டுமே, மின்தொடர்பே கிடையாது. எனக்கு அதில்தான் தீர்ந்தது.

ஸ்பீக்கரை அணைத்த பிறகும் டிவியின் முதுகுப் பக்கம் சத்தம் கேட்டால், பிரைட்னஸைக் கூட்டிக் குறையுங்கள். கூடவே சத்தமும் மாறினால் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கு), பவர் போர்டு (டிவிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பலகை) பக்கம் சந்தேகப்படலாம். அது மெக்கானிக் வேலை. மூடியை நீங்கள் திறக்காதீர்கள்.

தயவுசெய்து யார் சொன்னாலும் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். இரைச்சல் போகலாம், ஆனால் உயிருக்குக் காவல் அந்தப் பின்தான். கேபிளைத் தொடும்போது சுரீரென்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.