இணையதளத்தில் பாட்டு ஏற்றுவதற்கு முன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய சினிமாப் பாட்டு, கூத்துப் பாட்டு என்று சொந்தமாக இணையதளம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு பாட்டில் உரிமை ஒன்றல்ல. வரிக்கும் மெட்டுக்கும் தனி, ஒலிப்பதிவுக்குத் தனி. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக உரிமம் வழங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் பெறும் உரிமம் வரி, மெட்டுக்கு மட்டுமே. பதிவுக்கு இசை நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும்.

'முப்பது விநாடி போட்டால் கேஸ் வராது' என்பதை நம்பாதீர்கள். சட்டத்தில் விநாடிக் கணக்கே கிடையாது.

பழைய பாட்டுதானே என்றும் இருந்துவிட முடியாது. 1960ல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் கவிஞர் 1981ல் காலமானவர் என்றால், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு.

காசில்லாத சின்னத் தளத்துக்கு நான் சொல்வது, இசை நிறுவனத்தின் சொந்த யூடியூப் சேனலில் 'ஷேர்' அழுத்தி, 'எம்பெட்' கோடு (code) எடுத்து உங்கள் தளத்தில் ஒட்டுங்கள். டவுன்லோடு செய்து உங்கள் சர்வரில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கூத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் பாடும் பழம்பாட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம். ஆனால் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கலைஞர் உரிமை 50 ஆண்டு இருக்கிறது. கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் வாய்வார்த்தை போதாது. மத்தளக்காரர், முகவீணைக்காரர் உட்பட ஒவ்வொருவரிடமும் எந்தத் தளம், எதற்காக, எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தளத்தில் பாட்டு உள்ள பக்கத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள், அதுவும் சட்டம் கொடுத்த உரிமைதான்.