ஜப்பானில் துக்க உறை: சாம்பல் மை, மடித்த நோட்டு

டோக்கியோவில் சக ஊழியரின் தந்தை காலமானார். 'கோடென்' என்னும் துக்கப் பணத்தை உறையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். எவ்வளவு, எப்படி என்பதில்தான் நாட்கள் வீணாயின. இணையத்தில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். கடையில் கறுப்பு-வெள்ளை நாடா கட்டிய உறையே துக்கத்துக்கு என்பது புரிந்தது. மேலே எழுதும் சொல்லோ பௌத்தப் பிரிவுக்கேற்ப மாறுமாம்.

பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கேட்டதும் முடிச்சு அவிழ்ந்தது. 5,000 யென் போதும்; 4, 9 தொடர்புள்ள தொகை ஆகாது. உறையில் கொடுப்பவர் பெயரை வெளிர் சாம்பல் மையில் எழுத வேண்டும், கண்ணீர் விழுந்து மை கரைந்ததுபோல. அதற்கென்றே தூரிகைப் பேனா கிடைக்கிறது. பலர் கவனிக்காதது நோட்டு: புத்தம் புதியதாக இருந்தால் சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்ததாகத் தோன்றும். என்னிடம் இருந்ததோ மொடமொடப்பான நோட்டு. நடுவே ஒருமுறை மடித்து வைக்கச் சொன்னார். துக்க நிகழ்வின் வரவேற்பு மேசையில், எழுத்து அங்கிருந்தவர்களை நோக்கியிருக்க, உறையை இரு கைகளாலும் கொடுத்தேன். பெரும் நிம்மதி.

பின்னர் சக ஊழியரின் வீட்டிலிருந்து தேயிலைப் பெட்டி வந்தது. அது பதில் மரியாதை, வாங்கிக்கொள்ளலாம்.