காற்று முதுகில் படுகிறதா? பாய்மரப் படகு பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊரின் வடக்குக் கரையில், எங்கள் ஓலைக் கொட்டகைக்கு முன்னால், புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அக்கா, கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் தனியாப் போயிட்டு வந்துர்றோம்" என்றான் ஒருவன். எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று கிட்டத்தட்ட அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

மதுரையில் கடல் கிடையாது. எனக்குச் சிம்மக்கல்லில் மருந்துக்கடை. என்னைப் போலவே வேறு வேறு வேலையில் இருக்கும் பதினைந்து பேர் சேர்ந்து, பழைய படகுகள் மூன்றை வாங்கிப் போட்டிருக்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு ரிங் ரோட்டில் கூடுவோம். மானாமதுரை, பரமக்குடியில் ஒரு டீ, ராமநாதபுரம், அப்புறம் மண்டபம். சுமார் 150 கிலோமீட்டர். சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பழகுபவர்களுக்குத் துறைமுகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க இடம் இருக்கிறது. எங்களுக்கு அது இல்லை. இறங்கினால் நேராகத் திறந்த கடல்தான். அதனால் சின்னத் தவறுக்கும் இங்கே பெரிய விலை.

லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தண்ணீர் எடுத்து வாருங்கள், போனைப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.

நீச்சல் தெரியும் என்ற தைரியம்

படகு கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி.

தாமானைக் கையில் சுற்றிக்கொள்வது

பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் நாம் பிடித்திருக்கும் கயிற்றை இந்தக் கரையில் தாமான் என்பார்கள். அரை மணி நேரம் பிடித்தால் உள்ளங்கை எரியும். எரிச்சல் தாங்காமல் புதியவர்கள் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். திடீரென்று காற்று ஓங்கி அடித்தால், கயிற்றை விடுவதுதான் படகு கவிழாமல் இருக்க முதல் வழி. கையில் சுற்றியிருந்தால் எப்படி விடுவது? ஐம்பது ரூபாய்க்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

கரையோர அமைதியைக் கடலின் அமைதி என்று நம்புவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

மதுரைக்காரர்களுக்குத் தண்ணீர் என்றதும் மனதில் வருவது மாரியம்மன் தெப்பக்குளம். தைப்பூசத்தன்று அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் வலம் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வடம் பிடித்து இழுக்கிற பக்கம் தெப்பம் வரும். தண்ணீர் அசையாமல் கிடந்தால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நம் கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் கடலுக்கும் வருகிறோம்.

மண்டபம் ஒடுக்கமான நிலம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊரில் தென்கடல், வடகடல் என்று சொன்னால் போதும். ஆனி, ஆடி, ஆவணியில் அடிப்பது தென்மேற்குக் காற்று, கச்சான் என்பார்கள். அது தென்கடல் கரையில் நேராக வந்து மோதும். அங்கே எழும் அலையைப் பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றாது. அதே காற்று நிலத்தைத் தாண்டி வடகடலுக்குள் போகிறது. அதாவது, வடகரையில் கடலைப் பார்த்து நிற்கும்போது காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. பனையும் தென்னையும் வீடுகளும் அதன் வேகத்தைக் கரையோரத்தில் மறைத்துவிடும். அலை எழும்ப வேண்டும் என்றால் காற்று தண்ணீர்மேல் கொஞ்ச தூரமாவது ஓட வேண்டும். கரையோரத்தில் அதற்கு இடமே இல்லை. அதனால் முதல் 200, 300 மீட்டருக்குக் கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கும்.

அப்படிக் கிடந்த ஒரு நாளில்தான் நானும் என் தோழியும் கிளம்பினோம். எண்டர்பிரைஸ் வகைப் படகு, இரண்டு பேர் ஓட்டுவது, நீலப் பாய். பழக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. போகும்போது ஒரு சிரமமும் இல்லை. கடையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டே போனோம். காற்று மெல்ல அடிப்பதாகத்தான் தோன்றியது.

அந்தத் தோற்றம்தான் ஏமாற்றியது. காற்று போகிற திசையிலேயே நாமும் போனால் அதன் வேகம் நமக்குக் குறைவாகத் தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது, படகு அதே திசையில் 8 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் படுவது 12தான். காற்றை எதிர்கொண்டு திரும்பியதும் முகத்தில் அடிப்பது ஏறக்குறைய 25 ஆகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மடங்கு. பின்காற்றில் சைக்கிள் மிதித்துப் போய்விட்டு அதே சாலையில் திரும்பி வந்தவர்களுக்கு இது புரியும். சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம்.

திரும்பிப் பார்த்தபோது கரையில் இருந்த தென்னைகள் சீப்புப் பல் அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தன. சரி, போவோம் என்று சுக்கானைத் திருப்பினோம். படகு அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டு பேரும் விளிம்பில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தும் நிமிரவில்லை.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் சுமார் 45 பாகை வரை அதனால் நுழைய முடியாது. எதிர்க்காற்றில் கரைக்கு வர வேண்டும் என்றால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வளைந்துதான் வர வேண்டும். நன்றாக ஓட்டுகிறவருக்கே 1 கிலோமீட்டர் என்பது 1.4 கிலோமீட்டர் ஆகிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறுகிறவர், ஏறிய தூரத்தில் பாதியைத் திருப்பத்திலேயே இழந்துவிடுவார். நாங்கள் நான்கு முறை திரும்பினோம். சீப்புப் பல் பெரிதாகவே இல்லை. ஐந்தாவது திருப்பத்தில் கவிழ்ந்தோம்.

அங்கே ஆழம் அதிகம் இல்லை. படகு தலைகீழானதும் பாய்மரத்தின் நுனி அடிச்சேற்றில் போய்க் குத்திக்கொண்டது. இழுத்து நிமிர்த்துவதற்குள் பாய் நீளவாக்கில் கிழிந்துவிட்டது. மரத்தின் உச்சியில் கருப்புச் சேறும், பச்சைப் பசேலென்று ஒரு கொத்துக் கடல்தாழையும் ஒட்டியிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கிழிந்த பாயோடு ஒன்றரை மணி நேரம் காற்று தள்ளுகிற பக்கம் வடக்கே போய்க்கொண்டிருந்தோம்.

எங்களைப் பார்த்தவர் நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர். வலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் நாட்டுப்படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். கயிறு வீசிக் கட்டி இழுத்துவந்தார். வழியில் ஒன்றும் பேசவில்லை. கரையில் இறக்கிவிட்ட பிறகுதான் கேட்டார்: "ஏந்தாயி, கெளம்பும்போது காத்து முதுகுல படலையா?"

பட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பாயைத் தைக்க 14,000 ரூபாய் ஆனது, அது போகட்டும். அவர் திரும்பிப் போனபோது வலை கடலடிப் பாறையில் சிக்கிக் கிழிந்திருந்தது. அன்றைய வருமானமும் போயிற்று. பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. வலை பின்ன நூல் வாங்கிக் கொடுத்தோம். அதை மட்டும் வாங்கிக்கொண்டார். கேட்க வேண்டிய ஒரே கேள்விக்குப் பதில் என் முதுகிலேயே இருந்தது. நான் கண்ணை நம்பினேன். அதற்கு இன்னொரு குடும்பம் விலை கொடுத்தது. ஒவ்வொரு ஆடியிலும் புதிதாக வருகிறவர்கள் "கண்ணாடி மாதிரி கெடக்கு" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

என்ன செய்யலாம் என்றால், படகைத் தள்ளுவதற்கு முன்னால் ஒரு பிடி காய்ந்த மணலை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் அன்றைக்குத் திரும்பி வருவது கடினம் என்று அர்த்தம். பிறகு பக்கத்துத் தண்ணீரைப் பார்க்காமல் தூரத்தில் பாருங்கள். கருநீலத் திட்டுகளும் வெள்ளை நுரையும் தெரிந்தால், கரையில் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அங்கே காற்று நன்றாகவே அடிக்கிறது. போனில் காற்றின் வேகம் காட்டும் விண்டி செயலி பார்ப்பது நல்லதுதான், வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். ஆனால் அவை மணலுக்கு மாற்று ஆகாது.

கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும் நாளில், இழுத்துவர மோட்டார் படகு தயாராக இல்லை என்றால் இறங்காதீர்கள். அனுபவம் உள்ளவர் கூட வருகிறார் என்றாலும் இதே பதில்தான். தெரியாமல் மாட்டிக்கொண்டால், கரையை நோக்கிப் போராடிக் களைத்துப் போவதற்கு முன்பே பாயை இறக்கி நங்கூரத்தைப் போடுங்கள். இந்தக் கடல் ஆழம் குறைந்தது என்பது இங்கே நமக்கு உதவி. சின்ன நங்கூரமும் 30 மீட்டர் கயிறும் கரையோர ஆழத்துக்குப் போதும். ஒரே இடத்தில் நிற்கும் படகைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. எங்கள் படகில் அன்று நங்கூரம் இல்லை. இப்போது மூன்று படகிலும் இருக்கிறது.

கணவர் மனைவிக்குக் கற்றுக்கொடுப்பது

டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிக்குச் சென்னைப் பெண் நேத்ரா குமணன் தகுதி பெற்றார். இந்தியப் பெண்களில் அவர்தான் முதல். அதற்குப் பிறகு எங்களிடம் விசாரித்து வரும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் சிலர் கணவரோடு வருகிறார்கள். இரண்டு பேரும் ஒரே படகில் ஏறுகிறார்கள். சுக்கான் கடைசிவரை அவர் கையில்தான் இருக்கிறது. "கயிறை விடு, இழு, குனி" என்ற கத்தலோடு காலை முடிகிறது. அந்தப் பெண் அடுத்த மாதம் வருவதில்லை. வீட்டில் உள்ளவர்களை வேறு வேறு படகில் ஏற்றுங்கள். தெரியாத ஒருவரிடம் பழகினால் சந்தேகம் கேட்கவும் கூச்சம் இருக்காது, கோபமும் வராது. அப்படிப் படகு மாறி ஏறியதில்தான் எனக்கு இத்தனை நண்பர்கள் கிடைத்தார்கள்.

தீவில் இறங்குவது

தென்கடலில் தெரிகிற தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

சொந்தப் படகு

ஒரு வருடம் கழித்து.

ஓட்டிவிட்டு உடனே காரில் ஏறுவது

படகைக் கரையேற்றியதும் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. உப்புத் தண்ணீர் பட்ட கப்பியும் கொக்கியும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் இரண்டே மாதத்தில் இறுகிப்போகும். பாயைக் காயவைத்து மடிக்க நான்கு கை வேண்டும். இதெல்லாம் மீதம் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. இன்னொன்றும் உண்டு. காலையில் என்ன தப்பு செய்தோம் என்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேச்சில் வெளியே வரும். யாருடைய திருப்பம் ஏன் சரியில்லை, எந்த இடத்தில் காற்று மாறியது என்று பாயை மடித்தபடியே பேசுவோம். கடலில் இருக்கும்போது யாருக்கும் அதற்கு நேரம் இருக்காது.

"இவ்வளவு தூரம் வந்துட்டோமே"

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் மணலை விட்டுக் காட்டினேன். கடல் பக்கம் பறந்தது. "அக்கா, நாலு மணிக்கு எந்திரிச்சு நூத்தம்பது கிலோமீட்டர் வந்திருக்கோம்" என்றான் ஒருவன். அது எனக்கும் தெரியும். ஆனால் நாம் வந்த தூரத்துக்காகக் காற்று திசை மாறாது. எங்கள் கணக்கில் ஆடியில் பாதி ஞாயிறு கரையிலேயே போகும். அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்று யாரும் இறங்கவில்லை. பத்து மணிக்கு அந்தப் பெரியவர் கொட்டகைப் பக்கம் வந்தார். பிள்ளைகளை உட்காரவைத்து, அறுந்த இரண்டு கயிறுகளின் நுனியைப் பிரித்து, முடிச்சே போடாமல் ஒன்றுக்குள் ஒன்று பின்னி இணைக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் மூன்று முறை அவிழ்ந்துவிட்டது. நான்காவது முறை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். பிடித்துக்கொண்டது. அந்தக் கயிறுதான் இப்போது நீலப் பாய்ப் படகின் நங்கூரத்தில் கட்டியிருக்கிறது.